உராய்வு எந்தப் பக்கம்

இல்லல்ல, நீங்க போன்ல பேசினத ஒட்டுக் கேட்கல. பக்கத்துல உட்காந்திருக்கேன், காதுல விழுந்துடுச்சு. "ஓர்ப்படி அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா"ன்னு அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க பாருங்க, அதான் திரும்பிப் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஒரு ஓர்ப்படி இருக்கா. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. பேரு வசுமதி. நான் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு.

நான் ஏன் பேசறதில்லன்னு கேட்டா நீங்களும் என் பக்கம்தான் பேசுவீங்க. கேளுங்க. பஸ்ஸு திருச்சி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

நான் பி.இ. மெக்கானிக்கல். பார்த்தா தெரியாது, இல்ல? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வகுப்புல பொண்ணுங்கன்னா விரல் விட்டு எண்ணிடலாம். அதுல முதல் ரேங்க் நான்தான். கணக்குப் பேப்பர்னா மத்தவங்களுக்கு வயித்தக் கலக்கும். எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு கம்பெனியிலேர்ந்து வேலைக்குக் கூப்பிட்டாங்க. வால்வு செய்யிற கம்பெனி, டிசைன் செக்‌ஷன். வீட்டுல கூடிப் பேசினாங்க. மாமியாருக்கு அப்பத்தான் முட்டி வலி ஜாஸ்தியாகி நடக்க முடியாம ஆயிருந்துச்சு. மாமனார் சாஞ்சு உட்காந்துக்கிட்டு, "மூத்தவ நீ என்னம்மா சொல்ற?"ன்னு வசுமதியக் கேட்டார்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "ரெண்டு மருமகளும் டிபன் பாக்ஸத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா அத்தைக்கு யாரு மாமா கஞ்சி ஊத்துவா? நான் இத்தன வருஷ சர்வீஸப் பாதியில விட முடியாது. பொற்கொடி இன்னும் சேரவே இல்லியே"ன்னா.

அவ்வளவுதான். மாமனார் "சரிதானே"ன்னு எழுந்து போயிட்டார். எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அவர் பாவம், அவர் என்ன செய்வார்? ரொம்ப சாதுங்க அவர். அண்ணி பேசினப்புறம் எதிர்த்துப் பேச வராது. மொத்தமும் அவ ஒருத்தி செஞ்ச வேலை. நான் தப்பா சொல்றேனா?

அவளுக்கு என்ன வேலைன்னு கேட்கலியே. பாய்லருக்குப் பாகம் செய்யிற கம்பெனியில ஸ்டோர்ஸ். ஐ.டி.ஐ. படிச்சவ. நட்டு, போல்ட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை. பி.இ. படிச்ச நான் அந்த வேலைக்காரிக்கு டிபன் பாக்ஸ் கட்டினேன். தினமும். எலுமிச்சை சாதம்னா தொட்டுக்க உருளைக்கிழங்கு வேணும் மகாராணிக்கு.

அதக்கூட விட்டுடலாம். ஒரு காதுகுத்துக்கு எல்லாரும் போயிருந்தோம். யாரோ ஒரு அம்மா, "சின்னவ என்ன படிச்சிருக்கா?"ன்னு கேட்டாங்க. இவ முந்திக்கிட்டு, "எங்க வீட்டு இஞ்சினியருங்க அவ. குக்கர் விசில் எண்ணுறதுல கோல்டு மெடல்!"னா. பந்தியே சிரிச்சுது. எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. அவ என் தோளத் தட்டி, "சும்மா சொன்னேன்டி"ன்னா. சும்மாவாம். அன்னிக்கு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டேங்க. ஒரு நாள் இவ என் காலடியில வந்து உட்காரணும்னு.

வந்தா.

அவ கம்பெனியில, சூப்பர்வைசர் ஆகணும்னா டிப்ளமோ வேணும்னுட்டாங்க. சாயங்கால வகுப்பு, பார்ட் டைம். அதுக்குக் கம்பெனியே அவளுக்குக் காலை ஷிஃப்ட்டா மாத்திக் கொடுத்துச்சு. முதல் வருஷம் எல்லா பேப்பரும் பாஸ் பண்ணாத்தான் அந்தச் சலுகை நீடிக்கும். எங்க மூத்தாருக்கு, அதான் அவ வீட்டுக்காரருக்கு, அப்ப நிலையா வேலை இல்ல. முதுகுல அடிபட்டு வீட்டுல இருந்தார். அதனால அவளுக்கு அந்தப் பதவி வந்தே ஆகணும். நாப்பது வயசத் தாண்டினவ, பள்ளிக்கூடக் கணக்கே மறந்து போனவ, போய்ச் சேர்ந்துட்டா.

ஒரு மத்தியானம் நான் கீரை ஆஞ்சிட்டிருந்தேன். அடுப்படி வாசல்ல வந்து நின்னா. கையில ஒரு தாள்.

"பொற்கொடி, இந்த ஹோம்வொர்க்க கொஞ்சம் பாரேன். கூட வேலை செய்யிற பையங்ககிட்டக் கேட்டேன். சிரிக்கிறானுங்க."

வாங்கிப் பார்த்தேன். சாய்தளத்துல ஒரு பெட்டி. மேல இழுக்க எவ்வளவு விசை வேணும்? நான் கண்ணாலயே போட்டுடுவேன் அத. ஆனா தாளத் திருப்பிக் கொடுத்துட்டேன். "இப்படி அடுப்படியில ரகசியமாக் கேட்டா எப்படிக்கா? எல்லாரும் சாப்பிட உட்காரும்போது கேளுங்க. உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியும்னு மாமா காதுல விழட்டும்"னேன்.

முகம் தொங்கிப் போகும்னு நெனச்சேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காந்ததும், சோத்தப் பிசையறதுக்கு முன்னாடியே, "மாமா, எனக்கு இந்தக் கணக்குல ஒரு எழவும் விளங்கல. பொற்கொடி சொல்லித்தந்தாத்தான் உண்டு. அவளுக்கு நாளையிலேர்ந்து மத்தியானத்துல வேற வேலை சொல்லாதீங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டா. கொஞ்சம்கூடக் கூச்சமில்ல. எனக்குத்தான் சப்புன்னு போயிடுச்சு. வெட்கப்பட வேண்டியவ வெட்கப்படலன்னா பழிவாங்கி என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

சரி, வேற வழியில வாட்டுவோம்னு பார்த்தேன்.

ஷிஃப்ட் முடிஞ்சு மத்தியானம் வருவா. சாயங்காலம் வகுப்பு. நடுவுல இருக்கிற நேரம் என்னுது. முகம் கழுவக்கூட விட மாட்டேன். அடுப்படியில தரையில உட்கார வெச்சிடுவேன். நான் முக்காலியில. விடைய மட்டும் சொல்லிட்டா அவளுக்கு சுலபமாப் போயிடும்ல? சொல்ல மாட்டேன். முதல்ல படம் போடச் சொல்லுவேன். பெட்டிய மட்டும் தனியா வரைஞ்சு, அதுமேல எந்தெந்த விசை எந்தெந்தப் பக்கம்னு அம்புக்குறி போடணும். ஒரு அம்பு கோணலா இருந்தாலும் தாளக் கிழிச்சிடுவேன். நியூட்டன்னு எழுதாம வெறும் எண்ண எழுதினா, "எண்பதுன்னா என்ன? எண்பது கிலோவா, எண்பது முருங்கைக்காயா?"ன்னு கத்துவேன். கிலோவையும் நியூட்டனையும் குழப்பினா அந்தக் கணக்க முதல்லேர்ந்து போடணும். சைன் எது, காஸ் எதுன்னு தடுமாறினா மறுபடியும் முதல்லேர்ந்து. ஒரு நாள் அழுதுட்டா. மூக்க உறிஞ்சிக்கிட்டே படம் போட்டா. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

உராய்வு மட்டும் அவ மண்டையில ஏறவே இல்ல. எந்தப் பக்கம் அம்பு போடறதுன்னு தெரியாம முழிப்பா. மணைப்பலகைய எடுத்து சுவத்துல சாய்ச்சேன். அதுமேல பருப்பு டப்பாவ வெச்சேன். "இப்ப டப்பா எந்தப் பக்கம் போகப் பார்க்குது?" "கீழ." "அப்ப பலகை அத எந்தப் பக்கம் பிடிச்சு நிறுத்துது?" யோசிச்சா. "மேல!" "அதான் உராய்வு. பொருள் எங்க போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம். மேல இழுத்தா கீழ்ப்பக்கம், கீழ வழுக்கினா மேல்பக்கம்." எங்க காலேஜ்ல எங்களுக்கு யாரும் இப்படிக் காட்டினதில்லங்க. நானா யோசிச்சது. பலகைய இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன், டப்பா சர்ருனு வழுக்கி மூடி கழண்டு துவரம்பருப்பு அடுப்படி பூராவும் கொட்டிப் போச்சு. அவ சிரிக்க ஆரம்பிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு பேரும் தரையில உட்காந்து சாயங்காலம் வரைக்கும் பருப்பு பொறுக்கினோம். அன்னிக்கு அவ வகுப்புக்கே லேட்டு.

அது எதுக்கு இப்ப. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

நடுவுல ஒரு தேர்வு வெச்சாங்க, காலேஜுக்குள்ளயே. அதுல வகுப்புலயே அதிகம் எடுத்துட்டா. பையங்க எல்லாம் வாயப் பொளந்துட்டானுங்களாம். வீட்டுல ஒரே கொண்டாட்டம். மாமனாரோட தங்கச்சி குடும்பம் வந்திருந்துச்சு. மாமனார் எல்லார்கிட்டயும், "இந்த வயசுல சாதிச்சிட்டா பாருங்க"ன்னு பீத்திக்கிறார். நான் பஜ்ஜி போட்டுட்டிருக்கேன். தட்டக் கொண்டு போய் வைக்கிறேன், அந்த அத்தை, "யாரு சொல்லித்தந்தா உனக்கு?"ன்னு கேட்கிறாங்க. எங்க மாமியார், "யாரு சொல்லித்தரணும், அவளே படிச்சா"ன்னாங்க. வசுமதி வாயத் திறந்தா. அதுக்குள்ள எண்ணெய் காயுற வாடை வந்துச்சு, நான் உள்ள ஓடிட்டேன். என்னத்தச் சொல்லியிருக்கப் போறா? "ஆமா"ன்னிருப்பா. அவ புத்தி எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரத்துல அந்த அத்தை அடுப்படிக்கு வந்து, "நீ நல்லா இருக்கணும்மா"ன்னு என் கன்னத்தத் தடவிட்டுப் போனாங்க. பஜ்ஜி பிடிச்சிருந்துச்சு போல.

அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். கிழிச்சது, கத்தினது எல்லாம் பத்தாது. நான் ஏத்தின மாடியிலேர்ந்து நானே தள்ளி விடணும்.

பெரிய பரீட்சைக்கு முன்னாடி கடைசியா ஒருதரம் எல்லாம் பார்த்துட்டிருந்தோம். நல்ல வெயில். அவ தரையில, நான் முக்காலியில. ரொம்ப சாதாரணமாச் சொன்னேன். "அக்கா, ஒரு விஷயம். வீட்டுல புரியறதுக்காக நான் வேற மாதிரி சொன்னேன். பரீட்சையில உராய்வ எப்பவும் சாய்வுக்குக் கீழ்ப்பக்கமாத்தான் போடணும். பெட்டி மேல போனாலும் சரி, கீழ வந்தாலும் சரி. இல்லன்னா மார்க் கிடையாது."

பென்சில் நின்னு போச்சு. தலைய நிமிர்த்தி என்னப் பார்த்தா. "கீழ வர்றப்பவுமா?"

"நான் படிச்சவளா, நீங்க படிச்சவங்களா?"

மூலையில இருந்த மணைப்பலகையப் பார்த்தா. அப்புறம் "சரி"ன்னா. எழுதிக்கிட்டா.

என்ன, ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அவ என் வேலையப் பிடுங்கினாளே, அப்ப யாரு அவள இப்படிப் பார்த்தா? நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்.

பரீட்சைக்குக் கிளம்பும்போது மாமியார், மாமனார் காலத் தொட்டுக் கும்பிட்டா. அடுப்படிக்கு வந்து, "வரேன் பொற்கொடி"ன்னா. நான் தயிர் சாதம் கட்டிக் கொடுத்தேன். மாதுளை உதிர்த்துப் போட்டு. பரீட்சையாச்சே, வயிறு குளிர்ச்சியா இருக்கணும்ல.

கேள்வித்தாள்ல நான் நெனச்ச மாதிரியே வந்திருந்துச்சு. சாய்தளத்துல ஒரு பெட்டி ஒரே வேகத்துல கீழ வழுக்குது, உராய்வுக் குணகம் என்ன? நேரான கணக்குங்க, பச்சப்புள்ள போடும். ஆனா உராய்வையும் கீழ்ப்பக்கம் போட்டா எடையும் கீழ இழுக்கும், உராய்வும் கீழ இழுக்கும், விடை மைனஸ்ல வரும். உராய்வுக் குணகம் மைனஸ்ல வரவே வராதுன்னு நான்தான் அவ தலையில அடிச்சு அடிச்சு ஏத்தியிருந்தேன். கேள்வித்தாள் ஓரத்துலயே இவ போட்டுப் பார்த்திருக்கா, மைனஸ். அழிச்சிருக்கா. திரும்பப் போட்டிருக்கா, மைனஸ். கூட்டல்ல தப்புன்னு நெனச்சு மறுபடி மறுபடி போட்டிருக்கா. மத்த கணக்குக்கு நேரமே இல்லாமப் போச்சு. மணி அடிச்சு தாளப் பிடுங்கினாங்களாம்.

அந்த ஒரு பேப்பர் போச்சு. ஃபெயில்.

ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் சேமியா பாயசம் வெச்சேன். யாருக்கும் ஏன்னு தெரியாது. ஆடி வெள்ளின்னு சொல்லிக்கிட்டேன். எல்லாரும் சாப்பிட உட்காந்தாங்க. மாமனார், "போதும்மா படிச்சது. இனிமே ஷிஃப்ட்டும் மாத்திக் கொடுக்க மாட்டாங்க. உனக்கு எதுக்கு இந்த வயசுல"ன்னார். மூத்தார் குனிஞ்சு உட்காந்திருந்தார். எங்க வீட்டுக்காரர்கூட அன்னிக்குத்தான் வாயத் திறந்தார். "இவ என்னத்தச் சொல்லிக் கொடுத்தாளோ"ன்னு என்னக் காட்டிச் சொன்னார்.

வசுமதி சட்டுனு, "அவள ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. பொற்கொடி சரியாத்தான் சொல்லித்தந்தா. தப்பு என்னோடது"ன்னா.

பாயசக் கிண்ணத்தக் கீழ வெச்சேன். எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்தேன். சேமியா பழசு போல. கடைக்காரன் ஏமாத்திட்டான்.

அதோட விட்டாளா? இல்ல. கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை எழுத அவகாசம் வாங்கிட்டா. என்கிட்ட வரல. டவுன்ல டியூஷன் சென்டர்ல போய்ச் சேர்ந்தா. நான் மத்தியானத்துல சும்மா உட்காந்திருக்கேன், அவ என்னத் தாண்டி செருப்ப மாட்டிக்கிட்டுப் போறா. பாருங்க திமிர! அவ்வளவு கத்துக்கொடுத்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

ஒரு நாள் வந்தா. டியூஷன் முடிஞ்சு நேரா அடுப்படிக்கு. நான் ரசத்துக்குத் தாளிச்சிட்டிருந்தேன். திரும்பல.

"பொற்கொடி."

"ம்."

"பெட்டி கீழ வழுக்கும்போது உராய்வு மேல்பக்கம்தானே?"

கடுகு வெடிக்குது. நான், "ஆமா"ன்னேன்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும். பலகையில பார்த்தோமே. பரீட்சை ஹால்லயும் தெரியும். மைனஸ் வந்தவுடனே தெரியும்." தோள்லேர்ந்து பைய இறக்கி வெச்சா. "ஆனா நீ சொன்னியேன்னு எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னா. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். எங்கிட்ட எல்லாம் தயாரா இருந்துச்சு, வால்வு கம்பெனி, குக்கர் விசில், எல்லாம். அவ கத்தல. போய் முகம் கழுவிட்டு மாமியாருக்குக் கால் தைலம் தேய்க்க உட்காந்துட்டா. ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. சாமர்த்தியத்தப் பார்த்தீங்களா? அவளுக்குத் தெரிஞ்சத அவ எழுதல. பழி மட்டும் என் தலையில. இப்படியும் ஒருத்தர் உண்டா?

அப்புறம் பாஸ் பண்ணிட்டா. டிப்ளமோவும் முடிச்சா. சூப்பர்வைசரும் ஆயிட்டா. கம்பெனிக்குப் பக்கத்துலயே வீடு பார்த்துக்கிட்டு அவளும் மூத்தாரும் தனிக்குடித்தனம் போயிட்டாங்க. மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, அங்க ஆஸ்பத்திரி பக்கமாம். வண்டியில சாமான் ஏத்தும்போது என்கிட்ட வந்து, "இனிமே நீ வேலைக்குப் போகலாம்ல, பொற்கொடி"ன்னா. குத்திக் காட்டுறா! இத்தன வருஷம் கழிச்சு யாரு எனக்கு வேலை தருவா? நான் விறுவிறுன்னு உள்ள போயிட்டேன்.

ஜெயிச்சது நான்தானே? அவள வீட்ட விட்டே அனுப்பிட்டேன். இப்ப அடுப்படி எனக்கு. டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதில்ல. மத்தியானம் பூரா எனக்கு. ரொம்ப நேரம் இருக்குங்க மத்தியானம். அவ்வளவு நேரம் இருக்கும்னு எனக்கு முன்னாடி தெரியாது.

போன மாசம் மூத்தார் மட்டும் வந்தார். பேச்சோட பேச்சா, "அவ பி.இ. பார்ட் டைம் சேர்ந்திருக்கா"ன்னார். முதல் செமஸ்டர்லயே தெர்மோடைனமிக்ஸாம், வெப்பக் கணக்கு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. உராய்வுக்கே முழிச்சவ. என்ட்ரோபின்னா என்னன்னு எந்த டியூஷன்காரன் அவளுக்குப் புரிய வைப்பான்? அவனுங்க ஃபார்முலாவ எழுதிப் போட்டுட்டுப் போயிடுவானுங்க. அவளுக்கு அப்படிச் சொன்னா ஏறாது. அவளுக்குக் கண்ணால காட்டணும். டம்ளர்ல வெந்நீர ஊத்தி, பக்கத்துல பச்சத்தண்ணி வெச்சு, தொட்டுப் பார்க்கச் சொல்லி, அப்படித்தான் ஆரம்பிக்கணும். நான் யோசிச்சு வெச்சிருக்கேன்.

வருவா. வந்துதான் ஆகணும். வந்து அடுப்படி வாசல்ல நிப்பா, "பொற்கொடி, இத கொஞ்சம் பாரேன்"னு. நான் சொல்லித்தர மாட்டேன். ஒரு வரிகூடச் சொல்லித்தர மாட்டேன். அதுக்காகத்தான் என் பழைய புத்தகத்தப் பரண்லேர்ந்து எடுத்து முதல் பாடத்துலேர்ந்து படிச்சிட்டு வர்றேன். எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துட்டேன். நீராவிக் கணக்குக்கு மட்டும் ஸ்டீம் டேபிள், அதான் நீராவி அட்டவணைப் புத்தகம், வேணும், என்னுது கரையான் அரிச்சுப் போச்சு. அது வாங்கத்தான் இப்ப திருச்சிக்குப் போறேன்.

அதென்ன கேள்வி, சொல்லித்தராததுக்கு எதுக்குப் படிக்கணும்னு? தெரியாததால சொல்லித்தரலன்னு அவ நெனச்சிடக் கூடாதுல்ல? எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, வாய மூடிட்டு நிக்கணும். அப்பத்தான் அது பழி.

நேத்து மத்தியானம்கூட கேட் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. கைய முந்தானையில துடைச்சிட்டு ஓடினேன். கேஸ் சிலிண்டர் போடறவர்.

வரட்டுங்க. செமஸ்டர் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு.